துண்டுக்குள் இருந்த கை

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம், தை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருத்தணிக்கு அப்பால் நகரி போகும் சாலையை ஒட்டிய ஒரு மாந்தோப்பில் நடந்தது இது. அன்று நான் செய்த காரியத்தை நினைத்தால் இன்றும் உள்ளங்கை வியர்க்கிறது.

அரக்கோணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கும் வேலை எனக்கு. எட்டாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. கடைக்காரர் கேட்ட சாமானுக்குப் பதில் வேறொன்றைக் கட்டிக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன். மனைவி இருந்தவரை வெளிப்பேச்செல்லாம் அவள் பொறுப்பு. அவள் போன பிறகு வீட்டில் நானும், அவள் வளர்த்த நாயும்தான். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் கறுப்பு. டாமி என்று கூப்பிடுவோம். அதற்கு ஒரு பழக்கம் உண்டு. கீழே எது கிடந்தாலும் பூப்போலக் கவ்விக்கொண்டு வந்து என் கையில் கொடுக்கும். பக்கத்து வீட்டுக் கோழி முட்டையைக்கூட விரிசல் விழாமல் கொண்டுவரும். அதைத் திருப்பிக் கொடுக்கப் போய், நான் திருட்டுப் பட்டம் வாங்கிக்கொண்டு வருவேன்.

ஆடிக் கிருத்திகைக்கு நானும் மனைவியும் தவறாமல் திருத்தணிக்குப் போவோம். ஆடியில் மாமரத்தில் இலைதானே இருக்கும்? தையிலும் மாசியிலும் அந்தப் பக்கத்துத் தோப்புகளைப் பார்க்க வேண்டும், பூவில் இலையே தெரியாது என்று ஒரு வாத்தியார் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்று ஆசை வந்தது. ஆனால், பூ பார்க்கப் போகிறேன் என்று நாற்பத்தைந்து வயதுக்காரன் யாரிடம் சொல்வது? நாயைத் தனியாக விட்டுப் போகவும் மனம் வரவில்லை. ரயிலில் நாய்க்குத் தனிச் சீட்டு, கார்டு வண்டியில் கூண்டு என்றார்கள். கூண்டில் அடைக்கப் பிடிக்காமல், சனிக்கிழமை மதியம் கயிற்றைக் கட்டி நடந்தே கிளம்பினேன்.

"நல்ல நாயி. நகரிப் பக்கம் பன்னி வேட்டைக்காரங்க கண்ணுல பட்டா வுட மாட்டாங்க, புடிச்சுகினு பூடுவாங்க. பாத்துப் போ" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அந்த வார்த்தை வழி முழுவதும் என் கூடவே நடந்து வந்தது.

அன்றிரவு அடிவாரத்துச் சத்திரத்தில் படுத்தேன். காலையில் நாயோடு மலை ஏற முடியாதென்று முதல் படியிலேயே கும்பிட்டுவிட்டு நடந்தேன். பனிக்காக ஒரு காக்கிக் கோட்டுப் போட்டிருந்தேன். பட்டாளத்திலிருந்து கழித்துவிட்ட கோட்டு, பித்தளைப் பொத்தான் வைத்தது, பழந்துணிக்காரனிடம் வாங்கியது.

வாத்தியார் சொன்னது பொய்யில்லை. வேலிக்கு அந்தப்புறம் மரம் மரமாக, மஞ்சள் பொடியைத் தூவியதுபோல் நின்றது. வாசனை சாலைக்கே வந்தது. ஆனால் அதை நின்று பார்ப்பதற்குள் ஓர் ஆள் மரத்துக்குப் பின்னாலிருந்து வந்தார். என் வயதுதான் இருக்கும். இடது கையில் கோல். வலது கையைத் துண்டால் சுற்றி மூடியிருந்தார். கோலால் புல்லை விலக்கி விலக்கி எதையோ தேடிக்கொண்டு வந்தவர், என் கோட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யாரைப் பாக்கணும் சார்?"

"யாரையும் இல்லை. சும்மா."

"சும்மா இந்தப் பக்கம் யாரும் வர மாட்டாங்களே."

பூ பார்க்க என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொன்னேன். பேர் கேட்டார். சொல்லத் தெரியவில்லை. அவர் பார்வை என் பொத்தான்களில் நின்றது. நான் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே கத்தி இருக்குமோ?

"நாங்க தோப்புக் காவல் சார். இதுக்கு மேல வழி இல்ல. போய்டுங்க" என்றவர், நாயைக் காட்டி, "இது கீழ கெடக்கறதை வாய்ல எடுக்குமா?" என்று கேட்டார்.

எதற்கு இந்தக் கேள்வி? கறித்துண்டில் மருந்து வைத்துப் போட்டு நாயை மயக்கிக் கொண்டுபோவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எடுக்காது என்று இரண்டாவது பொய்யையும் சொன்னேன்.

திரும்பியிருக்கலாம். ஆனால் அவ்வளவு தூரம் நடந்து வந்தது பூவுக்காகத்தானே. வேலியோரமாகக் கொஞ்ச தூரம் போய், ஓர் இடைவெளி வழியாக உள்ளே நுழைந்தேன். அங்கே ஒரு குடிசை. வாசலில் ஒரு பெண் கூடையில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தாள். அதற்குள் காவல்காரரும் மரம் மரமாகக் குனிந்து தேடிக்கொண்டே அங்கு வந்து சேர்ந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் கூடையைச் சாக்கால் மூடிவிட்டு, அவள் தணிந்த குரலில் புருஷனான அவரிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"பாவா, ஆறுதான் கீது. இன்னொண்ணு இல்ல."

இரண்டு பேரும் என் நாயைப் பார்த்தார்கள்.

ஆறு நாய் பிடித்தாகிவிட்டது, ஏழாவது என்னுடையது என்று முடிவு கட்டிவிட்டேன். கூடையில் நாய் எப்படி இருக்கும் என்று யோசிக்கக்கூட அப்போது தோன்றவில்லை. காவல்காரர் குடிசைக்குள் போய் ஒரு கனத்த கயிற்றோடு வந்தார்.

"சார், சொல்றதைக் கேளுங்க. நாயை என்கிட்ட குடுங்க. இந்தத் தூண்ல கட்டிடறேன்."

அவர் இரண்டடி வைத்தார். டாமி பல்லைக் காட்டி உறுமியது. அவரோடு மல்லுக்கட்ட என்னால் முடியாது. நான் பிடிபட்டாலும் அது தப்பிக்கட்டும் என்று கழுத்துக் கயிற்றை அவிழ்த்து, "ஓடு" என்றேன். அது தோப்புக்குள் பாய்ந்து மறைந்தது.

"ஐயோ, கெடுத்தியே நைனா" என்று என்னைப் பார்த்துச் சொல்லி அந்தப் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

காவல்காரர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டார். தோப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான், இது நாய் திருடுகிறவன் முகம் இல்லையே என்று எனக்கு முதன்முதலில் உறைத்தது.

கொஞ்ச நேரத்தில் டாமி வந்தது. வாலை ஆட்டிக்கொண்டு, பெருமையாக, வாயில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் உருண்டையோடு.

காவல்காரர் என் முழங்கையை இறுகப் பிடித்தார். "அசையாதீங்க. சத்தம் போடாதீங்க. அவுட்டுக்காய் சார் அது. பன்னிக்கு வச்சது. உள்ள வெடிமருந்து. கடிச்சா நாய்க்குத் தலை இருக்காது."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதுவும் நல்லதாகப் போயிற்று. நான் உட்கார்ந்தால், டாமி கொடுக்க வரும்.

"கீழ போடக் கூடாது. கையில வாங்கணும். வாங்குவீங்களா?"

தலையை ஆட்டினேன். கைகளைச் சேர்த்து நீட்டினேன். அப்போது அவர் வலது கையிலிருந்த துண்டை உருவி, நாலாக மடித்து என் உள்ளங்கையில் விரித்தார். பக்கத்தில் மண்டியிட்டுத் தன் இரண்டு கைகளையும் என் கைகளுக்கு அடியில் கொடுத்துத் தாங்கினார். அந்த வலது கையில் கட்டைவிரலும் சுண்டுவிரலும்தான் இருந்தன.

மெதுவாகக் கூப்பிட்டேன். என் குரல் எப்போதும் அந்த அளவுதான். டாமி வந்தது. பக்கத்தில் அவரைக் கண்டதும் நின்று உதட்டைச் சுருக்கியது. உறுமினால் பல் அழுந்தும். அவர் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கையை எடுக்கவில்லை. அந்த நேரத்தில் எழுந்து மரத்துக்குப் பின்னால் போயிருந்தால் அவரை யார் குறை சொல்ல முடியும்?

நாய் இன்னும் இரண்டடி வந்து, முட்டையை வைப்பதுபோல் அந்த உருண்டையைத் துண்டின் மேல் வைத்தது.

அவர் அதை ஏந்திக்கொண்டு போய்த் தண்ணீர்த் தொட்டியில் மெல்ல இறக்கிவிட்டு வந்து, என் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். வேற்று மனிதர் முன்னால் நான் அழுதது அன்றுதான்.

"ராவுல ஏழு வச்சேன். காலைல எடுக்கறப்ப ஆறுதான் கெடைச்சுது. அதைத்தான் தேடிகினு இருந்தேன்" என்றார் அவர். "காக்கிக் கோட்டைப் பாத்தா எப்டி சார் சொல்றது? போன மாசம்தான் போலீஸ்காரங்க இதுக்காக ஒருத்தனைப் புடிச்சுகினு போனாங்க. ஆமா, நீங்க இன்னாத்துக்கு வந்தீங்க?"

"பூ பார்க்க" என்றேன்.

"பூவா?"

"மாம்பூ."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். "அதை மொதல்லயே சொல்றதுக்கு இன்னா சார்?"

"நீ மட்டும் சொன்னியாக்கும்" என்றாள் அவர் மனைவி.

கேழ்வரகுக் கூழ் கொடுத்தார்கள். டாமிக்கும் ஒரு சட்டியில் ஊற்றினார்கள். பிறகு அவரே என்னைத் தோப்பு முழுவதும் அழைத்துப் போனார். ஒரு பெரிய மரத்தின் உச்சியைப் பார்த்து நான் விரலை நீட்டியபோது சட்டென்று தடுத்தார். பூவையும் பிஞ்சையும் சுட்டிக் காட்டினால் உதிர்ந்துவிடுமாம். அதற்குப் பிறகு நல்ல மரங்களையெல்லாம் அவர்தான் வலது கையை நீட்டிக் காட்டினார். "இந்தக் கையால காட்டுனா தோஷம் இல்ல. சுட்டறதுக்கு வெரல் எங்க கீது?" என்றார். பத்து வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஒரு காய்தான் அந்த விரல்களைக் கொண்டுபோனதாம். புது ஆட்கள் பார்த்தால் பயப்படுகிறார்கள் என்று துண்டு சுற்றிக்கொள்கிறாராம்.

இப்போதும் தெரியாத ஊரில் யாராவது 'யாரைப் பார்க்கணும்?' என்று கேட்டால் எனக்கு முகம் சிவக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டு மனிதர்கள் சொல்லாமல் மறைத்ததை ஒரு வாயில்லா ஜீவன் பல் படாமல் சுமந்து வந்தது நினைவுக்கு வர, வந்த காரணத்தை உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.