மாட்டுத் தொழுவத்துக்கு ஒரு சிவப்புக் கார்ப்பட்

நத்தார்ப் பண்டிகைக்கு மூன்று வாரம் இருக்கும்போது பதுளையில் ஒரு துணிக்கடையில் நின்று திரைச்சீலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்கா மிஸ்?" என்று கேட்டாள் கடையில் நின்ற பெண்.

"இல்லம்மா. மாட்டுத் தொழுவத்துக்கு."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். எங்கள் கோவில் மண்டபத்தில் பாலன் குடில் கட்டுகிறோம், அதற்குப் பின்னால் தொங்கவிட என்று விளக்கினேன்.

"அப்ப மெரூன் எடுங்க மிஸ். கிராண்டா இருக்கும்."

எடுத்தேன். கடவுள் மாட்டுத் தொழுவத்தில் பிறந்தார் என்பது நம் விசுவாசம். அதற்காக அவரை அப்படியே விட்டுவிடுவதா என்ன?

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் — நான் ஒரு பள்ளிக்கூட டீச்சர், எந்தக் கமிட்டியில் சேரச் சொன்னாலும் மறுக்கத் தெரியாதவள். அப்புத்தளையிலிருந்து பெரகலைக்கு இறங்கும் பக்கத்தில் இருக்கும் எங்கள் சின்னக் கோவிலில், இந்த வருடம் அலங்காரக் கமிட்டியின் செயலாளர் பதவி என் தலையில் விழுந்தது. பதவியோடு கேட்டுக்கும் மண்டபத்துக்குமான சாவிக்கொத்தும்.

போன வருடம் பக்கத்துப் பங்குக் கோவிலில் குடிலுக்குள் நீர்வீழ்ச்சியே ஓடவிட்டிருந்தார்கள். எங்கள் சனம் எல்லாம் அங்கே போய் செல்ஃபி எடுத்தது. நானும்தான். நான்கு செல்ஃபி. அந்த அவமானத்தைத் துடைக்க, இந்த வருடம் வெள்ளை ரெஜிபோம் அட்டையில் பனிமலை. மோட்டார் வைத்துத் தலையாட்டும் கழுதை. பொன்னிறத்தில் பிளாஸ்டிக் வைக்கோல் — நிஜ வைக்கோலில் தூசி இருக்குமாம். பெத்லகேமில் பனி கொட்டியதாக எந்த நற்செய்தியிலும் இல்லையே என்று ஒருவர் இழுத்தார். அவரை அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிடவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே கார்ப்பட். கமிட்டித் தலைவர் சூசைதாசன் சேர், ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர். நல்ல மனிதர். கொழும்பிலிருந்து அந்தச் சிவப்புக் கார்ப்பட்டை லொறியில் கொண்டுவந்து, வாசலிலிருந்து குடில் வரைக்கும் விரித்தார். விரித்த பிறகு அதில் யாரையும் நடக்க விடவில்லை. பாலனைப் பார்க்க வந்த ஞானிகள் மூவரும் மட்டும் நிற்கலாம். அவர்கள் சிமெந்துப் பொம்மைகள், காலில் சேறு இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் எளிமையைப் பற்றி அரை மணித்தியாலம் பிரசங்கம் வைத்தார். எல்லோரும் உருகினோம். பிறகு அறிவித்தல்: நத்தார் விருந்துக்கு வருகிறவர்கள் சிவப்பும் பச்சையும் உடுத்து வரவும்.

அடுத்த நாள் தொடங்கிய மழை நிற்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் கிராம சேவகர் போன் எடுத்தார். "டீச்சர், மேல் டிவிஷன் லயத்துக்குப் பின்னால மலை வெடிச்சிருக்கு. பதினொரு குடும்பம். ஸ்கூல் ரோட்டுல மரம் விழுந்து கெடக்கு. புத்த பன்சலையில நேத்தே ஆள் நெறஞ்சிருச்சு. உங்க ஹோல் ஒன்னுதான் இருக்கு."

மீரியபெத்தை மண்சரிவில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் ஆட்களோடு மண்ணுக்குள் போனதைப் பார்த்த பக்கம் இது. மலையில் வெடிப்பு என்றால் இங்கே யாரும் கூட்டம் போட்டு யோசிப்பதில்லை.

நாங்கள் யோசித்தோம். வட்ஸ்அப்பில்.

முதல் மெசேஜ்: "ஆண்டவரே இந்த மக்களைக் காப்பாற்றும்." அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். அடுத்தது: "அரசாங்கம் என்ன செய்கிறது?" அதற்கும் கும்பிட்ட கைகள், ஏனென்று தெரியாது. மூன்றாவதாக சூசைதாசன் சேர்: "ஞாயிறு கரோல் இருக்கிறது. கார்ப்பட் விரித்தாயிற்று. வேறு இடம் பார்க்கலாமே?"

நான்காவது மெசேஜ் என்னுடையது. "சேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது."

ஆமாம், நான்தான். பிறகு அழித்தேன். அதற்குள் ஒன்பது பேர் பார்த்துவிட்டார்கள்.

ஃபாதரிடம் கேட்கலாமென்றால், அவர் கூட்டத்துக்காகப் பதுளை போனவர் ரோட்டில் மண் சரிந்ததால் அங்கேயே மாட்டிக்கொண்டார். போனில் சிக்னல் இல்லை. சரி, மண்டபத்துக்கு வருகிறவர்களிடம் போய் நிலைமையை விளக்கிவிட்டு வருவோம் என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். விளக்குவதில் எனக்கு இருபத்தாறு வருட அனுபவம் அல்லவா?

கேட்டுக்கு வெளியே நாற்பது பேருக்கு மேல் நின்றார்கள். தலையில் உரப்பை, பொலித்தீன். ஒரு பெரியவர் பெட்ஷீட்டில் சுற்றிய டீவியைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு நின்றார். ஒரு பெண்ணின் கையில் கால் கட்டிய கோழி. கதைக்கு வசதியாகக் கர்ப்பிணி யாராவது இருந்தார்களா என்றால், இல்லை. நிஜம் அவ்வளவு அழகாக எழுதப்படுவதில்லை.

"சாவி யார்கிட்ட இருக்குன்னு பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்றேன் நான்.

சாவி என் கைப்பையில் இருந்தது.

அப்படியே இருபது நிமிடம் போனது. நான் போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். வட்ஸ்அப்பில் யாரோ தோட்டத்து மேனேஜர் துரையிடம் பேசச் சொன்னார்கள். யாரோ ஒரு ஜெப வீடியோ அனுப்பினார்கள். மழை குடையையும் தாண்டி நனைத்தது.

கோழியோடு நின்ற பெண் முன்னால் வந்தாள். பெயர் செல்வராணி என்று பிறகு தெரிந்துகொண்டேன். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். மகளை என் பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்புகிறாள். அதனால் என்னைத் தெரியும்.

"டீச்சர், உள்ள பெருநாளுக்கு எல்லாம் சோடிச்சு வச்சிருக்கீங்களாம்ல?"

"ஆமா..."

"அப்ப நாங்க உள்ள வரலிங்க. கேட்ட மட்டும் தொறந்து விட்டீங்கன்னா அந்த வராந்தாவுல ஒதுங்கிக்கிறோம். சின்னப்புள்ளைங்க நனையுது. உங்க சாமிக்கு எடஞ்சல் பண்ண மாட்டோம்."

குத்தலாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். எனக்கு வாய் உண்டு. ஆனால் அவள் குத்தலாகச் சொல்லவில்லை. எங்கள் சாமிக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று உண்மையாகவே கவலைப்பட்டாள். அவள் கும்பிடுவது மாரியம்மனை. பாலன் யேசுவின் வசதியைப் பற்றி அங்கே யோசித்த ஒரே ஆள் அவள்தான்.

கைப்பையைத் திறந்தேன்.

உள்ளே வந்தவர்கள் செய்த முதல் காரியம் செருப்பைக் கழற்றியது. இரண்டாவது, கார்ப்பட்டில் கால் படாமல் சுவரோரமாகவே ஒருவர் பின் ஒருவராக நடந்தது. அத்தனை பேரும் மண்டபத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க, நடுவில் சிவப்புக் கார்ப்பட் ராஜா மாதிரிப் படுத்துக் கிடந்தது. எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கழுதை தலையாட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் சூசைதாசன் சேர் வந்தார். வாசலில் நின்றபடி எல்லோரையும் பார்த்தார். கார்ப்பட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

டீவிப் பெரியவர் முந்திக்கொண்டார். "ஐயா, நல்ல நேரத்துல வந்தீங்க. இதக் கொஞ்சம் புடிங்க, கை விட்டுப் போச்சு."

சேர் பிடித்தார். வேறென்ன செய்வது? டீவியைக் கையில் வைத்துக்கொண்டு இறக்க இடம் தேடினார். தரையெல்லாம் தண்ணீர். காய்ந்திருந்தது கார்ப்பட் ஒன்றுதான். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார் மனிதர். பிறகு மெதுவாகக் குனிந்து அதில் இறக்கினார். நிமிர்ந்தவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "புள்ளைகள இதுல உக்கார வைங்க. சீமெந்து குளிரும்" என்றார்.

அதன் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தண்ணீர் கொதிக்கவைக்க வேண்டும்; மண்டபத்தில் நல்ல பிளக் ஒன்றுதான். கழுதையின் வயரை அவரே பிடுங்கினார். பெண்கள் உடுப்பு மாற்ற மறைப்பு வேண்டுமென்றதும் மெரூன் திரைச்சீலையை நான் கழற்ற, அதைக் கட்டக் கயிறு தேடித் தந்தவரும் அவரே. பனிமலையைச் சுவரோடு தள்ளியதில் பாதி உடைந்தது. பிள்ளைகள் வெள்ளைத் துண்டுகளை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடினார்கள். நாங்கள் போட்ட பனியில் விளையாடியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

மறுநாள் விடிந்ததும் செய்தி வந்தது. மண் இறங்கிவிட்டது. லயத்தில் கடைசி மூன்று காம்பரா வீடுகள் இல்லை. நடுவில் இருந்தது செல்வராணியுடையது.

அவள் அழவில்லை. "பொட்டி, சட்டி எல்லாம் போச்சு" என்றாள். பிறகு மகளைப் பக்கத்தில் இழுத்து, அவள் தலையை வாரத் தொடங்கினாள். வாரி முடித்த பிறகும் சீப்பை வைக்காமல் திரும்பத் திரும்ப வாரிக்கொண்டே இருந்தாள். நான் வெளியே போய்விட்டேன். அந்த இருபது நிமிடத்தில் அவர்கள் மனம் வெறுத்து லயத்துக்கே திரும்பியிருந்தால்? அதற்கு மேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

நத்தாருக்கும் அவர்கள் மண்டபத்தில்தான் இருந்தார்கள். விருந்து ரத்து என்று சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை; அது தானாகவே பருப்பும் சோறும் சம்பலுமாக மாறிவிட்டது. சமைத்தது லயத்துப் பெண்கள். எங்கள் சிவப்பு, பச்சை உடைகள் தேங்காய் துருவின. காலைப் பூசையில் பிரசங்க நேரம் வந்ததும் ஃபாதர் மேடையில் ஏறினார். "இன்னைக்குப் பிரசங்கம் இல்லை. ஹோல் பக்கம் போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அவருடைய பிரசங்கங்களிலேயே எனக்கு முழுவதும் ஞாபகம் இருப்பது இது ஒன்றுதான். பூசை முடிந்து பாலனைக் குடிலில் வைக்கப் போனபோது, அங்கே யாருடையதோ ஈரச் சுவெட்டர் காய்ந்துகொண்டிருந்தது. ஃபாதர் அதைக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு பாலனை வைத்தார்.

சாவி விஷயத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். மூன்று செபத்தோடு விட்டுவிட்டார் ஃபாதர். நத்தார் தள்ளுபடி போலும். செல்வராணியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. ஜனவரியில் அவர்களைத் தற்காலிகக் கொட்டில்களுக்கு அனுப்பினார்கள். புது வீடு வருமாம் — எப்போது என்று கேட்காதீர்கள். லொறியில் ஏறும் முன் மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவளிடம் போனேன்.

"செல்வராணி... அன்னைக்குச் சாவி என்கிட்டதான் இருந்துச்சு."

"தெரியும் டீச்சர்."

"எப்படி?"

"நீங்க பைய இந்தக் கையிலேர்ந்து அந்தக் கைக்கு மாத்தி மாத்திப் புடிச்சீங்கள்ல? சாவிக்கொத்து சத்தம் கேட்டுச்சு." துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தாள். "விடுங்க. தொறந்தீங்கள்ல."

இவ்வளவும் நடந்த பிறகு நாங்கள் திருந்தியிருப்போம் என்றுதானே நினைக்கிறீர்கள்? போன வாரம் கமிட்டி கூடியது. அடுத்த நத்தார் அலங்காரத்தின் தொனிப்பொருள் 'எளிமை' என்று ஏகமனதாகத் தீர்மானித்திருக்கிறோம். அதை அறிவிக்க, ரோட்டிலிருந்தே தெரியும்படி, இருபது அடியில் லைட் வைத்த பேனர்!