பத்துக்கு எட்டுப் பொருத்தம், உத்தரவாதம் கிடையாது

போன வாரம் செவ்வாய்க்கிழமை. காலையில் ஆபீஸ் போன் அடித்தது. எடுத்தேன். 'ஹலோ'கூட இல்லை.

"என் மானத்தை வாங்கிட்டேளே!"

எங்கள் முதல் கஸ்டமர். கரமனை ஜோசியர் நீலகண்ட ஐயர்.

அவர் ஏன் கத்தினார் என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் கம்பெனியைப் பற்றி இரண்டு வரி. திருவனந்தபுரம் ஆரியசாலையில் ஒரு மிளகாய் வற்றல் மண்டிக்கு மேல் மாடியில் இருக்கிறோம். முதலாளி சுகுமாரன் சார், நான், அக்கவுன்ட்ஸ் பார்க்கும் ஷைலஜா. கீழே மூட்டை பிரித்தால் மேலே மூன்று பேரும் சேர்ந்து தும்முவோம். இதற்குப் பெயர் சாஃப்ட்வேர் கம்பெனி.

எங்கள் முதல் தயாரிப்பு, ஜாதகப் பொருத்தம் பார்க்கும் சாஃப்ட்வேர். பிள்ளை, பெண் இருவரும் பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்தால் போதும். கட்டம் போட்டு, பத்துப் பொருத்தமும் பார்த்து, அச்சடித்தே கொடுத்துவிடும்.

இதில் கிரகம் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடும் பகுதி மட்டும் நாங்கள் எழுதியதல்ல. அந்தக் கணக்கு எங்களுக்குத் தெரியவும் தெரியாது! வெளிநாட்டில் யாரோ ஒரு புண்ணியவான் எழுதி, இன்டர்நெட்டில் இலவசமாகப் போட்டிருந்தார். ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், விற்கிற சரக்கிலும் சேர்த்துக்கொள்ளலாம். கூடவே 'லைசென்ஸ்' என்று ஒரு சின்ன ஃபைல். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான் – என் பெயரும் இந்த அறிவிப்பும் எல்லா நகல்களிலும் இருக்க வேண்டும்.

"அது எதுக்காக்கும்? டெலீட் பண்ணுங்கோ," என்றார் சுகுமாரன் சார். "அந்த ஆளென்ன ஆரியசாலைக்கு வந்து நோக்கப் போறாரா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஓசியில் வாங்கிக்கொண்டோம், பெயரைச் சொல்லக்கூடவா கசக்கிறது? அரை மணி நேரம் சண்டை போட்டேன்.

"செரி மேடம், இனி ஒண்ணும் பறயண்டாம். உங்க இஷ்டம்," என்று கும்பிட்டுவிட்டார்.

ஜெயித்த வேகம் இருக்கிறதே... அது பொல்லாதது. 'எல்லா நகல்களிலும்' என்று எழுதியிருக்கிறார். ஃபைலை நாங்கள் விற்கிற சிடியில் போட்டால் மட்டும் போதுமா? பிரின்டரிலிருந்து வருவதும் நகல்தானே? ஒவ்வொரு ஜாதகத்தின் அடியிலும் அந்த அறிவிப்பு முழுவதும் அச்சாகும்படி செய்துவிட்டேன். பொடி எழுத்தில், ஆங்கிலத்தில்.

முழுதாகப் படித்தேனா? அவர் பெயர் வரும் முதல் பாராவைப் படித்தேன். அடுத்த பாரா முழுக்க கேப்பிடல் எழுத்து. அப்படிக் கத்துகிற எழுத்தை யார் உட்கார்ந்து படிப்பார்கள்?

கரமனையில் ஒருவர் படித்தார்.

விசுவநாதன். சர்க்கார் ஆபீஸில் காலமெல்லாம் ஃபைல் பார்த்து ரிட்டயர் ஆனவர். மகள் லலிதாவுக்கு நாகர்கோவிலில் வரன் அமைந்து, பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று நம் ஜோசியர் தாளையும் கொடுத்துவிட்டார். மனிதர் அதைக் கடைசிப் புள்ளி வரை படித்திருக்கிறார்.

அந்த கேப்பிடல் பாரா சொல்வது இவ்வளவுதான்: இது உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது. எந்தவித உத்தரவாதமும் கிடையாது. எந்தக் காரியத்துக்கும் பொருந்தும் என்று சொல்வதற்கில்லை. இதனால் என்ன சேதம் வந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல.

மேலே பத்துக்கு எட்டு. கீழே இது! நிச்சயதார்த்தத்தை நிறுத்திவிட்டார்.

நானும் சுகுமாரன் சாரும் அடுத்த பஸ்ஸில் கரமனைக்கு, விசுவநாதன் வீட்டுக்கு ஓடினோம். ஜோசியர் முன்னாலேயே போய், கூடத்தில் குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். உள்ளே கதவோரம் லலிதா. அழுது முகம் வீங்கியிருந்தது. ஒரு பெண்ணின் கல்யாணத்தை நான் பொடி எழுத்தில் நிறுத்தியிருக்கிறேன்!

விசுவநாதன் தாளை நீட்டினார். "கீழே ஒரு வெள்ளைக்காரன் பேர் போட்டிருக்கே, அவன் யாரு? பையனுக்கு உறவா?"

"இல்லை சார். கிரகக் கணக்கை எழுதினவர்."

"கணக்கு எழுதினவனுக்கே அதிலே நம்பிக்கை இல்லையே! நான் எப்படி என் பொண்ணைக் கொடுக்கறது?"

"உத்தரவாதம் இல்லைங்கறது சாஃப்ட்வேருக்குத்தான் சார். ஜாதகத்துக்கு இல்லை."

"அப்போ ஜாதகத்துக்கு உத்தரவாதம் உண்டுன்னு எழுதித் தருவேளா?"

நான் ஜோசியரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்தார். சுகுமாரன் சார் செருப்பு எங்கே என்று பார்த்தார்.

அப்போதுதான் காபியோடு வந்தார் விசுவநாதனின் மனைவி. டம்ளரை 'ணங்'கென்று வைத்தார்.

"ஏன்னா, என்னைக் கல்யாணம் பண்ணிண்டேளே... எங்கப்பாவுக்கு எத்தனை வருஷ வாரண்டி எழுதிக் கொடுத்தேள்?"

லலிதா 'களுக்'கென்று சிரித்துவிட்டாள். ஜோசியர் தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். விசுவநாதன் காபியை ஆற்றினார், ஆற்றினார், ஆற்றிக்கொண்டே இருந்தார்.

"செரி," என்றார் கடைசியில். "ஆனா அந்த நாலு வரி இல்லாம ஒரு கிளீன் காப்பி வேணும். ஃபைல்லே வைக்கணுமாக்கும்."

அன்றே திருத்தினேன். லைசென்ஸ் ஃபைல் சிடியில், சாஃப்ட்வேரின் கூடவே இருக்கிறது. அந்த வெளிநாட்டுக்காரர் பெயர் ஸ்கிரீனிலும் வரும். ஜாதகத்தில் வராது. 'நகல்' என்று அவர் சொன்னது சாஃப்ட்வேரின் நகலை – ஜாதகத்தின் நகலை அல்ல. இந்தச் சின்ன விஷயம் புரிய எனக்கு ஒரு கல்யாணம் நிற்க வேண்டியிருந்தது. நன்றி சொல்லாதவர்கள் தப்பித்துவிடுகிறார்கள். என்னைப் போல முழுதாகப் படிக்காமல் நன்றி சொல்கிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

முடிந்தது என்றுதானே நினைப்பீர்கள்? வியாழக்கிழமை ஜோசியரே மாடியேறி வந்தார். மிளகாய் நெடியில் நாலு தும்மல் போட்டுவிட்டுக் கேட்டார்.

"அந்த நாலு வரி எங்கே?"

"எடுத்துட்டேனே, ஐயரே."

"ஏன் எடுத்தேள்? நன்னா யோசிச்சுப் பார்த்தேன். நாளைக்கு எவனாவது வந்து, 'பொருத்தம்னு சொன்னீரே, இப்போ சண்டையா இருக்கே'ன்னு கேட்டா நான் எதைக் காட்டறது? திரும்பப் போடுங்கோ. தமிழ்லேயும் மலையாளத்திலேயும் போடுங்கோ. கொஞ்சம் பெரிய எழுத்தா!"

இது என்ன நியாயம்? அந்த வெளிநாட்டுக்காரரையே கேட்டுவிடலாம் என்று நடந்ததெல்லாம் எழுதி ஈமெயில் அனுப்பினேன். மறுநாளே பதில் வந்துவிட்டது. ரொம்ப மரியாதையான மனிதர். ஃபைல் சாஃப்ட்வேரோடு இருந்தாலே போதுமாம், காகிதத்தில் தயவுசெய்து வேண்டாமாம். தன் வீட்டுத் தோட்டத்தில் டெலஸ்கோப் வைத்து வியாழன் கிரகம் பார்ப்பதற்காக எழுதிய புரோகிராமாம் அது. மணமக்களுக்கு வாழ்த்து வேறு. அதோடு ஒரே ஒரு சந்தேகம் கேட்டிருந்தார் – 'இதை வைத்து நீங்கள் கல்யாணத்தை எப்படி முடிவு செய்கிறீர்கள்?'

மூன்று நாளாகப் பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.