கதவைச் சாத்திக்கொண்ட பெர்மெத்

கோச்கோர் என்ற எங்கள் மலையூரில் உள்ள என் விடுதிக்குப் பெர்மெத் வந்தது மே மாதக் கடைசியில். நாற்பது வயதிருக்கும். ஒரு முதுகுப்பை, ஒரு மடிக்கணினி, துணைக்கு ஆள் கிடையாது. கட்டடங்களில் மின்கம்பி எப்படி ஓட வேண்டும் என்று படம் வரைந்து அல்மாத்தி கம்பெனி ஒன்றுக்கு அனுப்புவது அவள் வேலை. ஊர் ஊராகப் போய், மாதக்கணக்கில் தங்கி, அதைச் செய்துகொண்டிருந்தாள்.

முதல் நாள் காலையில் தேநீரும் பாலாடையும் எடுத்துப்போய்க் கதவைத் தட்டினேன். விருந்தாளியைத் தனியே விட எங்களுக்குத் தெரியாது. "அக்கா, மத்தியானம் வரைக்கும் நான் இங்க இல்லன்னு நெனச்சுக்குங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் மதியம் அவளே சமையலறைக்கு வந்து, நூடுல்ஸுக்கு மாவு இழுத்துக்கொண்டே ஊர்க்கதை பேசினாள். பிறகு மலைப்பக்கம் நடக்கப் போய்விட்டாள்.

ஜூனில் அவள் அண்ணன் தாலாய், அவளைக் கூட்டிப்போகச் சொந்த ஊரான ஜலாலாபாத்திலிருந்து காரில் வந்தார். வந்தது காலை வேளை. அவள் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மத்தியானம் பேசலாம் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. விவாகரத்தான பெண் இப்படி நாடோடியாய்த் திரிந்தால் ஊரில் எப்படித் தலைகாட்டுவது என்று என்னிடம் பொருமினார்.

"நம்ம தாத்தனுங்க எல்லாம் கூடாரத்தச் சுருட்டிக்கிட்டுத் திரிஞ்சவங்கதானே" என்றேன்.

"அவங்க குடும்பத்தோட திரிஞ்சாங்க."

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது, கூடவே இணையமும். பெர்மெத் கணினியோடு வந்து காரின் பின்சீட்டில் ஏறினாள். "அண்ணே, மேட்டுக்கு விடு. அங்கதான் சிக்னல் கிடைக்கும். பாட்டு போடாத, பேசாத." வழிகாட்ட நானும் ஏறிக்கொண்டேன்.

மேட்டில் அவள் வரைய, அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். வேலையை அனுப்பிய பிறகுதான் நிமிர்ந்தாள்.

"இப்பச் சொல்லு."

"வீட்ல ஒனக்கு ரூம் இல்லையா? அங்க ஒக்காந்து செய்யேன்."

"ரூம் இருக்கு. அரை மணி நேரம் நிம்மதியா விட்டீங்களா? சித்தி வந்தாச்சு, டீ ஊத்து. பிள்ளையப் புடி. புருஷன் வீட்லயும் அதேதான். அவங்க வேலைய விடச் சொன்னாங்க. நீ ஊர் சுத்துறத விடச் சொல்ற. ரெண்டையும் விட மாட்டேன்."

"தனியா கெடக்குறது பயமா இல்ல?"

"சில நாள் இருக்கு. அதுக்காக வந்துடணுமா?"

விடுதிக்குத் திரும்பியதும், வழியனுப்பும் வழக்கப்படி நான் வாசலில் நீட்டிய ரொட்டியில் ஒரு துண்டு மட்டும் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். அன்று அவள் நடக்கப் போகவில்லை. சமையலறையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

பனி விழத் தொடங்கியதும் தாஷ்கண்ட் போனாள். அங்கிருந்து ஒருநாள் பேசினாள். அண்ணன் இன்னும் பேசுவதில்லையாம். அண்ணிதான் அவருக்குத் தெரியாமல் கூப்பிட்டு, இந்த வேலையைக் கற்றுக்கொள்ள எவ்வளவு நாளாகும் என்று கேட்டாளாம்.