துடைப்பத்தை விட்டுட்டு வாடா

என் வீட்டுக்காரர் பெயர் ஜெகநாதன். வாயால் நான் சொன்னதில்லை. எழுத்தில் வந்தால் குற்றமில்லை என்று நினைக்கிறேன். உத்திரமேரூரில் ஒரு ரைஸ்மில்லில் மூட்டை தைக்கிற வேலை அவருக்கு. கோணி ஊசியும் சணலும் கையில் இருந்தால் மனுஷனுக்குப் பசி தெரியாது, பெண்டாட்டி கூப்பிடுவது கேட்காது. மூட்டையின் வாயை மடித்து, இரண்டு பக்கமும் காது வைத்து, நெருக்கமாக ஒரு தையல் போடுவார். ஜெகநாதன் தைத்த மூட்டையில் ஒரு மணி அரிசி சிந்தாது என்று மில்லில் சொல்வார்கள். மில்லில் அது பெருமை. வீட்டில் அது என் தலையெழுத்து.

நாங்கள் பெருநகரில் ஆண்டாளம்மாள் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு மூலையில் அடுப்பு. கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் அந்தம்மாளின் கூடத்தைத் தாண்டித்தான் தெருவுக்கு வர வேண்டும். கூடத்தில் கட்டில் போட்டு அந்தம்மாள் உட்கார்ந்திருப்பாள். தாண்டுகிற ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்விதான்.

"யாரு அது? எங்கம்மே போய்ட்டு வரே?"

கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். என் இரண்டு பிரசவத்துக்கும் வெந்நீர் போட்டுக் கொடுத்த கை அது. ஆனால் காய்ச்சலில் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தாலும் அதே கேள்வி, ஓடிப்போன கோழியைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அதே கேள்வி. கோழி கையில் கத்திக்கொண்டிருக்கும், எங்கே போய்விட்டு வருகிறாய் என்பாள். ஏழு வருஷம் பதில் சொல்லிச் சொல்லி என் வாய் தேய்ந்து போயிற்று. எனக்கென்று ஒரு கதவு வேண்டும், நான் போகிறதையும் வருகிறதையும் யாரும் கேட்கக் கூடாது, அவ்வளவுதான் என் ஆசை. நகை கேட்டேனா, பட்டுப்புடவை கேட்டேனா? ஒரு கதவு. இவரிடம் சொன்னால் "பாக்கலாம், பாக்கலாம்" என்பார்.

எண்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாசத்தில் அந்தக் கதவு கிடைத்தது. மில்லுக்குப் பின்தெருவில் ஒரு ஓட்டு வீடு. வீட்டின் சொந்தக்காரர் மெட்ராசுக்குப் போய்விட்டவர். சாவியைக் கொடுக்கும்போதே கறாராகச் சொல்லிவிட்டார்: "ஆடி பொறக்கறதுக்குள்ள பால் காய்ச்சிட்டா வூடு உங்களுது. இல்லன்னா ஒரு வாத்தியார் கேட்டுக்கினு கீறாரு, அவருக்குக் குடுத்துடுவன்." ஆடியில் யாரும் புதுவீட்டில் கால் வைக்க மாட்டார்கள் என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். குருக்கள் பார்த்துச் சொன்ன நேரம் ஆனி கடைசி நாள், காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள். அதற்குப் பிறகு நேரமே இல்லை என்றார். இந்தப் பக்கம் எங்கள் அறையை ஆண்டாளம்மாள் செங்கேணி என்கிற பெண்ணின் குடும்பத்துக்குச் சொல்லிவிட்டாள். அவர்கள் அன்றைக்கு மதியமே வருகிறார்கள். ஆக ஒன்பது மணியைத் தவறவிட்டால் இந்த வீடும் இல்லை, அந்த வீடும் இல்லை. இரண்டு குழந்தைகளோடு நடுத்தெருவில் ஆடிக்கூழ் காய்ச்ச வேண்டியதுதான்.

இவருக்கு இதெல்லாம் ஒரு கவலையா? மில்லிலிருந்து பழைய கோணி பதினெட்டு கொண்டுவந்து, ஒரு வாரம் முன்பே தைக்க ஆரம்பித்துவிட்டார். முதல் நாள் பாத்திரங்கள் போயின. இரண்டாம் நாள் துணிமணி. மூன்றாம் நாள் குழம்பு கொதிக்கும்போது கரண்டியைத் தேடுகிறேன், காணோம்.

"கரண்டி எங்கங்க?"

"ஏழாம் நெம்பர் மூட்டை."

"பிரிங்க."

"தெச்ச மூட்டைய பிரிக்கறதா? இன்னா பேசற நீ?"

கொட்டாங்குச்சியால் குழம்பைக் கிளறினேன். பெரியவள் கஸ்தூரிக்கு ஏழு வயசு, ஒன்றைச் சொன்னால் நூறு பேருக்குச் சொல்லுவாள். அவளுடைய சிலேட்டும் மூட்டைக்குள் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டதற்கு, "எங்க நைனா தெச்சிட்டாரு" என்றாளாம். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. சின்னவன் சேட்டுக்கு மூன்றரை வயசு. பெயர் சடையப்பன், கொழுகொழுவென்று இருந்ததால் சேட்டு. அவனுடைய கால்சட்டை நான்கும் பதினோராம் மூட்டையில். அந்த வாரம் முழுக்க அவன் அரைஞாண் கயிற்றோடுதான் திரிந்தான். அதில் அவனுக்கு வருத்தம் ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை.

சேட்டுக்கு ஒரே ஒரு சொத்து உண்டு. தேய்ந்துபோன தென்னந்துடைப்பம். அதுதான் அவனுடைய பஸ். காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு "டுர்ர்ர்" என்று வீடு முழுக்க ஓட்டுவான், "உத்ரமேரு, உத்ரமேரு" என்று ஆள் கூப்பிடுவான். பழைய துடைப்பத்தைப் புதுவீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மூதேவி கூடவே வந்துவிடுவாள். அதனால் அதைக் கிணற்றடிக்குப் பின்னால் வீசினேன். சாயங்காலம் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. குப்பைமேட்டில் போட்டேன். மறுநாள் காலையில் ஓடிற்று. பிடுங்கினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் நீலமாகும்வரை அழுவான். இந்தக் கூத்தையெல்லாம் பார்த்துவிட்டு ஆண்டாளம்மாள் கட்டிலிலிருந்து, "யாரு அது? பஸ்ஸு எங்க போய்ட்டு வருது?" என்பாள். அதற்கு மட்டும் சேட்டு நின்று மரியாதையாகப் பதில் சொல்லுவான்.

இவனுடைய கைக்குப் பயந்துதான் நான் அந்த வேலையைச் செய்தேன். கையில் கிடைத்ததையெல்லாம் கிணற்றில் போட்டுப் பார்க்கிற பிள்ளை. புதுவீட்டுச் சாவியோ ஒன்றே ஒன்று. புதுவீட்டுக்குள் முதலில் போகிறது உப்பு, மஞ்சள், விளக்கு, குடத்துத் தண்ணீர். உப்பு ஜாடியைக் கையிலேயே எடுத்துப் போகப் போகிறேன், சாவியை அதற்குள் புதைத்துவிட்டால் மறக்கவும் மாட்டேன், தொலையவும் தொலையாது என்று கணக்குப் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கஸ்தூரி ஊருக்குச் சொல்லுவாள், சேட்டு ஜாடியோடு கிணற்றில் போடுவான். என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்றைக்குக் கோழி கூவுவதற்கு முன்பே மில் வண்டிக்காரன் சுப்பிரமணி மாட்டுவண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். பதினெட்டு மூட்டையும் ஏறின. விளக்கையும் குடத்தையும் மஞ்சளையும் பால் சொம்பையும் ஒரு கூடையில் வைத்து, பக்கத்திலேயே உப்பு ஜாடியையும் வைத்துவிட்டு, ஆண்டாளம்மாளிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். அழுகை வராது என்றுதான் நினைத்திருந்தேன், வந்துவிட்டது. அவளும் மூக்கைச் சிந்திக்கொண்டு, "எங்கம்மே போறே" என்றாள். அன்றைக்கு அது கேள்வியாக இல்லை. நான் திரும்பி வருவதற்குள் கூடை வண்டியில் ஏறியிருந்தது. ஜாடியும் அதற்குள் இருக்கும் என்று நானும் மேலே ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

மானாம்பதி தாண்டும்போது சேட்டு ஒருமாதிரி நெளிந்து நெளிந்து உட்கார்ந்திருந்தான். தூக்கிப் பார்த்தால் அடியில் துடைப்பம்.

"விட்டுட்டு வாடான்னு சொன்னேன் இல்ல?"

"பஸ்ஸு டிக்கெட் வாங்கிக்கினுதான் வந்துச்சி" என்றான்.

சுப்பிரமணி சிரித்த சிரிப்பில் மாடு நின்றுவிட்டது. சைக்கிளில் கூடவே வந்துகொண்டிருந்த இவரும் சிரித்தார். நடுவழியில் இவன் மூச்சைப் பிடித்தால் யார் பார்ப்பது? புதுவீட்டு வாசலில் பிடுங்கி எறிந்துகொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

எட்டு இருபதுக்கு வண்டி போய் நின்றது. நாற்பது நிமிஷம் இருக்கிறது, பால் காய்ச்ச தாராளம். வீடு எனக்கு முதல் பார்வையிலேயே பிடித்துவிட்டது. தெருவைப் பார்த்து நீலக் கதவு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. இறங்கி, கூடைக்குள் கையை விட்டேன். விளக்கு இருந்தது, மஞ்சள் இருந்தது, குடம் இருந்தது.

"உப்பு ஜாடி எங்கங்க?"

இவர் முகத்தில் அப்படி ஒரு நிறைவு. "அங்கியே வெச்சிட்டு வந்தன். எங்க வூட்டு வழக்கம் இல்ல அது? குடியிருந்த வூட்ட வெறிச்சினு வுட்டுட்டு வரக்கூடாது, ஒரு ஜாடி உப்பாவது வெச்சிட்டு வரணும். வரப்போற பொண்ணு நல்லா இருக்கட்டும். நீ கவலப்படாத, புது வூட்டுக்குப் புது உப்பு வாங்கியாந்துட்டன்." சட்டைக்குள்ளிருந்து ஒரு உப்புப் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இவருக்கு ஒரு வழக்கம் ஞாபகம் இருந்ததில்லை. என் பிறந்தவீட்டுப் பொங்கல் சீர் எதற்கு வருகிறது என்பதே தெரியாது. அன்றைக்குப் பார்த்து ஞாபகம் வந்திருக்கிறது.

"சாவி அந்த உப்புலதான் கீது" என்றேன்.

இவர் பூட்டைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மிகவும் நிதானமாக, "உப்புல யாராவது சாவி வெப்பாங்களா?" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் பதினெட்டு மூட்டையோடு இவரையும் சேர்த்துத் தைத்திருப்பேன். ஊசி எந்த மூட்டையில் இருக்கிறதென்று தெரியவில்லை, பிழைத்தார்.

பெருநகருக்கு சைக்கிளில் போய் வருவதற்குள் ஆடியே பிறந்துவிடும். சுப்பிரமணி ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"ஒரே போடு அண்ணி, பூட்டு கையோட வந்துடும்."

"பால் காய்ச்சப் போற வூட்டுல பூட்ட ஒடச்சிக்கினு நொழையறதா? கீழ போடு" என்றேன். போட்டான், தன் கால்மேலேயே. அவனை உட்காரவைத்துவிட்டு வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினோம். பின்கதவு உள்ளே கொக்கி போட்டிருந்தது. சமையல்கட்டு ஜன்னலில் ஒரு கம்பி இல்லை. கஸ்தூரி தலையைவிட்டுப் பார்த்தாள். தலை போயிற்று, திரும்பி வரவில்லை. நானும் இவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்து வெளியே எடுப்பதற்குள் எட்டு முப்பத்தைந்து.

சேட்டுதான் போக முடியும். இவர் அவனைத் தூக்கி ஜன்னலில் உட்காரவைத்தார்.

"உள்ள போய் அந்தக் கொக்கிய தூக்கி வுடுடா கண்ணு."

"பஸ்ஸு?"

"பஸ்ஸு இங்கியே நிக்கும். நீ போ."

"பஸ்ஸு வந்தாதான் போவன்." மூச்சைப் பிடிக்க ஆரம்பித்தான்.

எட்டு நாற்பது. முதலில் உப்பு போக வேண்டும், மஞ்சள் போக வேண்டும், விளக்கு போக வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வாரமாக இரண்டு இடத்தில் தூக்கி எறிந்த அந்தத் துடைப்பத்தை, என் கையாலேயே எடுத்து, ஜன்னல் வழியாகப் புதுவீட்டுக்குள் கொடுத்தேன். கஸ்தூரி பக்கத்தில் நின்றுகொண்டு, "மூதேவி வந்துடும்மா" என்றாள். வாயை மூடு என்றேன்.

உள்ளே குதித்த சத்தம் கேட்டது. அப்புறம் "டுர்ர்ர்". பஸ் சமையல்கட்டைத் தாண்டிக் கூடத்துக்குப் போயிற்று, அங்கிருந்து அறைக்குப் போயிற்று. "உத்ரமேரு எறங்கு" என்று குரல் வந்தது. கதவுப் பக்கம் மட்டும் வரவில்லை. இவர் பின்கதவில் வாயை வைத்துக் கெஞ்சினார், மிட்டாய் வாங்கித் தருவதாகச் சொன்னார், சைக்கிளையே தருவதாகச் சொன்னார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். நிஜமாகவே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஏழு வருஷம் கேட்டு ஒரு கதவு கிடைத்தது, அதற்கு வெளியிலேயே ஆடியும் வந்துவிடும் போலிருந்தது.

எட்டு நாற்பத்தெட்டுக்கு உள்ளே கதவருகில் ஏதோ உரசியது. சேட்டுக்குக் கொக்கி எட்டவில்லை. எம்பி எம்பிப் பார்த்துவிட்டு, துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து, கட்டு இருக்கிற பக்கத்தால் கீழேயிருந்து தட்டினான். ஒரு தட்டு, இரண்டு தட்டு. கொக்கி கழன்று விழுந்தது. கதவு திறந்தது.

நான் பால் சொம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து ஓடினேன். சேட்டு விடவில்லை. அரைஞாண் கயிறும் உடம்பெல்லாம் ஒட்டடையுமாக வாசற்படியில் நின்று, துடைப்பத்தைக் குறுக்கே பிடித்துக்கொண்டான். ஆண்டாளம்மாளின் குரலை அப்படியே எடுத்து என்னைக் கேட்டான்:

"யாரு அது? எங்கம்மே போய்ட்டு வரே?"

இவர் "டேய்" என்று அவனைத் தூக்கப் போனார். நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஏழு வருஷமாக அந்தக் கேள்விக்குக் கிணற்றடிக்கு என்றும் கடைக்கு என்றும் எங்கேயும் இல்லை என்றும் சொல்லி வந்திருக்கிறேன். பன்னிரண்டு நிமிஷம்தான் இருந்தது, இருந்தாலும் நின்று பதில் சொன்னேன்.

"எங்கியும் போவலடா. என் வூட்டுக்குத்தான் வந்தன்."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு துடைப்பத்தை எடுத்து வழி விட்டான்.