தம்பிக்குக் கலக்கிய பால்

எனக்குக் கோவையாக எழுத வராது. ஐந்தாவது வரைதான் படித்தேன். நடந்ததை முன்பின்னாகச் சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சுக்காரர்கள் போய் இரண்டு மூன்று வருஷம் இருக்கும். குருசுக்குப்பத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். மில் சங்கு ஊதினால் அம்மா நான்கு மாதத் தம்பியை என் மடியில் போட்டுவிட்டு வேலைக்கு ஓடுவாள். கொதித்து ஆறிய தண்ணீரில் பால்மாவு கலக்கி அவனுக்குக் கொடுப்பது என் பொறுப்பு. எட்டு வயதில் அது எனக்குப் பெரிய உத்தியோகம். எதிர்வீட்டுக் குழந்தை கொழுகொழுவென்று இருக்கும். இவனும் அப்படி ஆகட்டும் என்று, அம்மா காட்டிய அளவுக்கு மேல் இரண்டு கரண்டி தட்டுவேன்.

தம்பிக்கு வெளிக்குப் போவது சிக்கலாகிவிட்டது. முகம் சிவக்க முக்குவான், வீரிட்டு அழுவான். வந்தால் ஆட்டுப்புழுக்கைபோல ஒன்றிரண்டு. பிறகு ஐந்து நாள் அதுவும் இல்லை. வயிறு கல்லாக இருந்தது.

எங்களோடு இருந்த அத்தை விளக்கெண்ணெயோடு வந்து நின்றாள். "மில்லுக்குப் போற மவராசிக்குப் புள்ள வயித்தத் தொட்டுப் பாக்க நேரமேது?" அத்தையின் வாயைவிடக் கை வேகம். என் முதுகுக்குத் தெரியும்.

அம்மா தம்பியைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நானும் அத்தையும் பின்னால். அங்கே நர்சம்மா அவன் வயிற்றை மெல்ல நீவினார். சைக்கிள் மிதிப்பதுபோல அவன் கால்களை மடக்கி மடக்கி நீட்டினார். "வௌக்கெண்ண வேணாம், வெத்தலக் காம்பு சொருவுறதும் வேணாம்" என்று அத்தையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, புட்டியில் மிச்சமிருந்த பாலைச் சாய்த்துப் பார்த்தார்.

"இது பாலா, பசையா? மாவு கூடுனா கெட்டியாத்தான் போவும். யாரு கலக்குனது?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா என் கையை இறுக்கினாள்.

"நான்தாம்மா."

நர்சம்மா திட்டித் தீர்த்தார். "கேளு, நல்லாக் கேளு" என்றாள் அத்தை. வரிசையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று முதல் கரண்டியை மட்டமாக வழித்துத்தான் மாவு போட்டோம். இரண்டாம் நாள் மத்தியானம் தம்பி என் பாவாடை நிறையப் போய்விட்டான். அம்மா சிரித்தாள், அழுதாள். நான் மட்டும் அவளோடு பேசவில்லை. தினமும் பால் கலக்கியது நான்; அத்தனை பேர் முன்னால் என் உத்தியோகத்தை இல்லையென்று ஆக்கிவிட்டாளே!

அதைப் பற்றி அவளிடம் கேட்கும் புத்தி வர எனக்கு இருபது வருஷம் ஆயிற்று. "அப்படியா சொன்னேன்? எனக்கு ஞாபகமே இல்லடீ" என்றாள்.

எத்தனை கரண்டிக்கு எவ்வளவு தண்ணீர் என்பது எனக்கும் மறந்துவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்து எழுதிச் சேர்த்துவிடுங்கள்.