நாலடி ஒன்பது அங்குலம்

தரையிலிருந்து நாலடி ஒன்பது அங்குல உயரத்தில் அந்தப் பள்ளம் இருந்தது. தேங்காய் மூடியைச் சுவரில் வைத்து அழுத்தி எடுத்ததுபோல உருண்டையாக, ஓரம் மழுங்கி, நடுவில் ஒரு விரற்கடை ஆழம். ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்த பழைய வீட்டின் சமையலறைச் சுவர் அது. அந்த வீட்டை இடிக்க வந்தவன் நான். இருபத்தைந்து வருடமாகச் சம்மட்டி பிடிக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டாலும் சுவரைப் படிக்கத் தெரியும். எந்த விரிசல் அஸ்திவாரம் இறங்கி வந்தது, எது கட்டில் கால் இடித்து வந்தது, எது கோபத்தில் எறிந்த செம்பு பட்டு வந்தது என்று பார்த்ததும் சொல்லிவிடுவேன். அதனால், "இது எதால பட்டதுண்ணே?" என்று டீச்சர் அந்தப் பள்ளத்தைக் காட்டிக் கேட்டபோது எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

டீச்சர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். அது அவர் பிறந்து வளர்ந்த வீடு. அப்பா இறந்ததும் தம்பி அதை லாட்ஜ் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். நாங்கள் ஓடு பிரிக்க ஏறிய முதல் நாளே டீச்சர் ஒரு சாக்குக்கட்டியோடு வந்து, வீட்டில் காயம் பட்ட இடத்தையெல்லாம் சுற்றி வட்டம் போட்டார். ஒவ்வொன்றும் எதனால் என்று என்னிடம் கேட்டார். கதவு நிலையில் ஒரு வெட்டு இருந்தது. "அரிவாளோட பின்பக்கம், டீச்சர். வெட்ட வந்தது இல்ல, மிரட்ட வந்தது" என்றேன். தரையின் சிவப்புச் சிமெண்டு ஓரிடத்தில் நட்சத்திரமாகத் தெறித்திருந்தது. "குழவிக் கல்லு. இடுப்பு உசரத்துல இருந்து விழுந்திருக்கு." விழவில்லை, போட்டது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அப்படியே வந்து பள்ளத்தின் முன்னால் நின்றோம். நான் என் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சொல்லுங்கண்ணே, நான் அழ மாட்டேன்" என்றார். "தலை, டீச்சர்" என்றேன். அவர் மெதுவாக வட்டத்தைப் போட்டு முடித்தார்.

அவர் ஒன்பதாவது படிக்கும்போது அம்மா இறந்துபோனாராம். டீச்சர் அன்று பள்ளிக்கூடத்தில் இருந்தார். வீட்டில் இருந்தது காய்ச்சலில் படுத்திருந்த எட்டு வயதுத் தம்பி மட்டும். பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அப்பா சொன்னார், சொந்தக்காரர்கள் சொன்னார்கள், தம்பியும் வளர்ந்து அதையே சொன்னார். இந்தச் சுவரும் போய்விட்டால் அவர்கள் சொன்னதுதான் நிற்கும் என்பதே டீச்சரின் பயம். சுவரை முழுசாக வெளியே எடுத்து, தம்பியை அதன் முன்னால் ஒரு தடவை நிறுத்த வேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாட்டுத்தாவணி பூச்சந்தைக்கு எதிரே ஒரு காலிக் குடோனைப் பிடித்திருந்தார். அங்கே அந்தச் சமையலறையை மறுபடி நிறுத்தப் போவதாகச் சொன்னார். நிறுவல் கலை என்று அதற்குப் பேராம். "மாநாட்டுக்குப் போடுற செட்டு மாதிரியா டீச்சர்?" என்று கேட்டேன். "செட்டுக்குப் பின்னாடி போனா சவுக்குக் கம்பு தெரியும். இதுக்குப் பின்னாடியும் சுவருதான் இருக்கும்" என்று சிரித்தார். படம் என்றால் தள்ளி நின்று பார்த்துவிட்டுப் போய்விடலாம், இதற்குள் ஆள் நடக்க வேண்டும் என்றார். நிலை இருந்த பக்கம் நிலை, அடுப்பு இருந்த பக்கம் அடுப்பு, பள்ளம் இருந்த உயரத்தில் பள்ளம். ஓர் அங்குலம் மாறினாலும் அது வேறு வீடு. நான் டேப் பிடித்து அளந்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

நாலு பக்கமும் மிஷினால் அறுத்து, இரும்புச் சட்டம் கட்டி, சங்கிலிக் கப்பி போட்டு அந்தத் துண்டை இறக்க இரண்டு நாள் ஆயிற்று. உடைத்தே பழகிய கைக்கு உடையாமல் எடுப்பது பெரிய வதை. பிள்ளையைப் படுக்க வைப்பதுபோல முற்றத்தில் மல்லாத்தி வைத்துச் சாக்குப் போட்டு மூடினேன். வண்டி பிடிக்கக் கிளம்பும்போது மச்சானிடம், "அது டீச்சருக்கு" என்று மட்டும் சொன்னேன். மச்சான் என் மனைவியின் அண்ணன், என்னோடு இடிப்பு வேலைக்கு வருகிறவர். தலை மோதிய பள்ளத்தை ஆட்கள் பார்க்க வைக்கப் போகிறார்கள் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. நான் செய்த தப்பு அதுதான். எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. தெரிந்தவர்களுக்குப் பழைய கல் கொடுத்தால் பூச்சோடு கொடுக்க மாட்டோம். ஒட்டியிருக்கும் சுண்ணாம்பையும் சிமெண்டையும் கொத்தி எடுத்துவிட்டுத்தான் கொடுப்போம். அது ஒரு மரியாதை.

டீச்சரும் நானும் வண்டியோடு திரும்பியபோது மச்சான் குத்தவைத்து உட்கார்ந்து கொத்திக்கொண்டிருந்தார். பள்ளத்தில் பாதி போயிருந்தது. சாக்குக்கட்டி வட்டமும் பாதி போயிருந்தது. "டீச்சருக்குன்னியே மாப்ள, பூச்சோட குடுத்தா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்தார். சட்டையைப் பிடித்துத் தூக்கி, நின்றுகொண்டிருந்த அடுத்த சுவரில் மோதினேன். பின்மண்டை மோதிய சத்தம் கேட்டது. மறுபடி கையை ஓங்கினேன். அவர் தடுக்கவில்லை. கடிபட்ட உதட்டில் வந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, "அடி மாப்ள. என் தங்கச்சிய அடிச்சுப் பழகுன கைதான. எங்களுக்கெல்லாம் தெரியாதுன்னு நெனச்சியாக்கும்?" என்றார்.

ஓங்கிய கை இறங்க இடமில்லாமல் நின்றது. நான் என் மனைவியை அடித்திருக்கிறேன். எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். குடிக்க மாட்டான், நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டான், சாதுவான ஆள் என்றுதான் தெருவில் எனக்குப் பேர். வெளியே பேசாமல் விழுங்கியதெல்லாம் வீட்டுக்குள் கையாக வந்தது. டீச்சர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. முன்பே தெரிந்த ஒரு முகத்தைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். பிறகு சுவருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, "இதுல இப்ப என்ன மிச்சம் இருக்குன்னு பாத்துச் சொல்லுங்கண்ணே" என்றார்.

குனிந்து பார்த்தேன். சிமெண்டின் மேல் பூசிய சுண்ணாம்பு சரியாக ஒட்டாது, கொத்தினால் தகடு தகடாகக் கழன்று வந்துவிடும். அப்படிக் கழன்ற இடத்தில் வட்டமாக ஒரு சிமெண்டு ஒட்டு தெரிந்தது. அதன் ஓரத்தில் அதற்கும் முந்தைய மண் ஒட்டு ஒன்று. ஒரே இடம் இரண்டு முறை உடைந்து, இரண்டு முறை பூசப்பட்டிருக்கிறது. நாங்கள் பார்த்த பள்ளம் மூன்றாவது. அதற்குப் பிறகு பூச வேண்டிய தேவை அந்த வீட்டில் யாருக்கும் வரவில்லை. "ஒரு தடவை இல்ல டீச்சர்" என்றேன்.

அந்த நேரத்தில்தான் தம்பி பைக்கில் வந்து இறங்கினார். யாரோ சொல்லி வந்திருக்கிறார். "அம்மா மானத்த குடோன்ல வச்சு வேடிக்கை காட்டப் போறியாக்கா? செத்தவுகள நிம்மதியா விடமாட்டியா?" என்று கத்திக்கொண்டே கீழே கிடந்த சம்மட்டியைத் தூக்கினார். முதல் அடி இரும்புச் சட்டத்தில் விழுந்து பொறி பறந்தது. இரண்டாவது அடியில் மூலைக் கல் ஒன்று பிளந்து சிதறியது. டீச்சர் சுவர்மேல் குறுக்கே விழுந்து படுத்துக்கொண்டார். "என் மேல போடுடா" என்றார். தம்பி சம்மட்டியை இறக்கவில்லை. போட்டுவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஓடிப் பிடிக்க நேரமில்லை. கண்ணில் பட்டதைச் சொன்னேன்.

"சார், இந்தச் சிமெண்டக் கரண்டி வச்சுப் பூசல. கையால தடவியிருக்காக. சின்னப் புள்ளக் கை. நாலு விரலும் தெரியுது."

சம்மட்டி மேலேயே நின்றது. பிறகு அவருக்குப் பின்னால் தொப்பென்று விழுந்தது. இடிபாட்டுக் குவியல்மேலேயே உட்கார்ந்துவிட்டார். அக்காவைப் பார்க்காமல் பேசினார். "எலிப் பொந்து, அடைக்கணும்டான்னாரு. கலவை நான்தான் குழைச்சேன். தலையில துண்டக் கட்டிக்கிட்டு அம்மாதான் தண்ணி ஊத்துனாங்க." டீச்சர் அசையாமல் கிடந்தார். "பாத்ரூம்ல இல்லக்கா" என்றார் தம்பி. அவர் வாயிலிருந்து டீச்சர் கேட்க நினைத்தது அந்த ஒரு சொல்தான். கேட்டபின் டீச்சருக்குச் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. எழுந்து, புடவையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டு, தம்பிக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்து வந்தார்.

கொத்திய பாதியும் கொத்தாத பாதியுமாக, மூலை உடைந்தபடியே சுவரைக் குடோனில் நிறுத்தினோம். உயரத்தை நான் மூன்று முறை அளந்தேன். தம்பி முதல் இரண்டு நாளும் உள்ளே வரவில்லை. வாசலில் நின்று, வந்தவர்களின் செருப்பை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர் ஒருவர் வந்து, "வழுக்கி விழுந்த கதைக்கு இம்புட்டுச் செலவா?" என்றபோது, "வழுக்கி விழல மாமா, உள்ள போய்ப் பாருங்க" என்று அவர்தான் சொன்னார்.

மூன்றாம் நாள் மதியம் என் மனைவி வந்தாள். எதிரே பூச்சந்தையில் பூக் கட்டுகிறவள். நான் கூப்பிடவில்லை, மச்சான் சொல்லியிருக்க வேண்டும். அடுப்பைப் பார்த்தாள், நிலையில் இருந்த வெட்டைத் தடவினாள். பிறகு சுவருக்கு முதுகைக் காட்டி ஒட்டி நின்றாள். கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பள்ளத்தைத் தேடினாள். அது அவள் உச்சியை ஒட்டி இருந்தது. "அந்தம்மா நல்ல உசரம் போல" என்றாள் டீச்சரிடம். "எனக்கு இன்னும் நாலு விரக்கடை கீழ வரும்." ஜாக்கெட்டுக்கு அளவு சொல்வதுபோலச் சொன்னாள். "வாரேன் டீச்சர், பூவு வாடிரும்" என்று போய்விட்டாள். என்னைப் பார்க்கவில்லை.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சுவரில் டேப்பை வைத்தேன். அவள் சொன்ன உயரத்தில் நாள்காட்டி தொங்கியது. கழற்றினேன். பின்னால் வெள்ளைச் சிமெண்டு காய்ந்திருந்தது, விரலால் தடவிய தடத்தோடு. நான் பூசியது இல்லை. அவள் வேலை முடிந்து உள்ளே வந்ததும், "இத எப்பப் பூசுன?" என்று கேட்டேன். பையை இறக்கி வைத்துவிட்டு, "எந்தத் தடவைக்கு?" என்றாள்.

டீச்சர் இப்போது வேலை மாறி வேறு ஊரில் இருக்கிறார். சுவரும் அவரோடு போய்விட்டது, அங்கே வேறொரு கூடத்தில் நிற்பதாகத் தம்பி சொன்னார். எங்கள் வீட்டில் நாள்காட்டி தொங்கிய ஆணி காலியாக இருக்கிறது. அவளும் அதில் எதையும் மாட்டவில்லை. அன்றைக்குப் பிறகு நான் கை நீட்டியதில்லை. ஆனாலும் பரணில் இருந்து ஒரு டம்ளரை எடுக்கக் கையைத் தூக்கினால், பக்கத்தில் நிற்கிற அவள் தலை இன்னும் ஓரமாகச் சாய்கிறது.