வீரபத்திரன் பாடாத பெயர்

வீரபத்திரனிடம் அடி வாங்காதவர்கள் எங்கள் குழுவில் அநேகமாக யாரும் கிடையாது. என் கணவர் டேனியலுக்கு முன்பல் ஒன்று அவனால்தான் போனது. கதிர்வேலின் முதல் கிடாரை அவன் ஸ்பீக்கர் பெட்டி மேல் அடித்து நொறுக்கினான். என்னை மட்டும் அடித்ததில்லை. ஒருமுறை கையை ஓங்கினான்; நான் கீபோர்டு ஸ்டாண்டைத் தூக்கினேன்; அதோடு சரி. இப்படிப்பட்ட ஆளோடு எப்படி இத்தனை காலம் வாசித்தீர்கள் என்று கேட்கிறவர்கள், அவன் பாடிக் கேட்டதில்லை என்று அர்த்தம். துருப்பிடித்த ஷட்டரை இழுக்கிற மாதிரி குரல். அதைக் கேட்டுவிட்டால் பல் போனதெல்லாம் பெரிதாகத் தெரியாது.

முசரவாக்கத்தில் பிறந்தவன். பகலில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற வெல்டிங் பட்டறை. மாலையில் எங்கள் 'மணல் லாரி' குழுவின் பாடகன். பட்டுக்கும் கோயிலுக்கும் பேர் போன ஊரில் ராக் வாசிக்கப் புறப்பட்டவர்கள் நாங்கள். காலேஜ் விழா, கிறிஸ்துமஸ், கல்யாண ரிசப்ஷன் என்று எங்கு கூப்பிட்டாலும் போனோம். பாதி இடங்களில் கைதட்டினார்கள், மீதி இடங்களில் செருப்பு வந்தது. செருப்பு வந்தால் வீரபத்திரன் மேடையிலிருந்து குதித்துவிடுவான். நாங்கள் பாட்டை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே இருப்போம், அவன் அடித்து முடித்துவிட்டு ஏறிவந்து அடுத்த அடியைப் பிடிப்பான்.

அவனுக்குக் குமரன் என்று ஒரு தம்பி. எங்கள் முதல் டிரம்மர். கூரம் தாண்டி ஒரு ஊரில் திருவிழா மேடை. முனிரத்தினம் என்கிற அடியாள், கூட்டத்தோடு வந்து சினிமாப் பாட்டு கேட்டான். குமரன் முடியாது என்றதோடு நிறுத்தாமல், நீ ஆடறதுக்கெல்லாம் நாங்க வாசிக்க மாட்டோம் என்றும் சொன்னான். பாட்டு முடிந்து மேடைக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கப் போனவனை உடைந்த பாட்டிலால் கழுத்தில் குத்தினான் முனிரத்தினம். நான் பார்த்தேன், கதிர்வேல் பார்த்தான். ஊரே பார்த்தது. கோர்ட்டில் எங்கள் இரண்டு பேர் சாட்சி எடுபடவில்லை; ஊர்க்காரர்கள் எல்லோரும் கரண்ட் போயிருந்தது என்றார்கள். கரண்ட் இல்லாமல் நாங்கள் எப்படிக் கிடார் வாசித்தோம் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. முனிரத்தினம், அந்தப் பையனை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லி விடுதலையானான்.

அதைவிடக் கொடுமை வேறொன்று உண்டு. வீரபத்திரனின் அப்பா சாவுப்பாட்டு பாடியவர்; குமரனுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர்கள் வழக்கத்தில் பிணத்தை எடுக்கும்முன் வீட்டு மூத்த ஆண் செத்தவர் பெயரை வைத்துப் பாட வேண்டும். பெயர் வைக்காமல் பாட்டில்லை, பாட்டில்லாமல் பிணம் போகக் கூடாது. குமரன் செத்த அன்று, உடலைத் தர இழுத்தடித்தார்கள் என்று ஒரு போலீஸ்காரரின் தாடையை உடைத்துவிட்டு வீரபத்திரன் உள்ளே போய்விட்டான். வெளியே வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குமரன் பாட்டில்லாமல் போனான். அதற்குப் பிறகு வீரபத்திரன் தம்பி பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. யாராவது சொன்னால் கை நீட்டினான். குமரனுக்குப் பிறகு டிரம்முக்கு வந்த டேனியலின் பல் போனதும் அப்படித்தான்.

நரைத்த பிறகு எங்களுக்கு ஒரு ஆசை வந்தது. அமெரிக்காவில் பருத்திக் காட்டில் முதுகொடிந்த கறுப்பு ஜனங்கள் பாடிய ப்ளூஸ் பாட்டுகளைத் தமிழில் பாடி ஒரு ஆல்பம் போடுவது. கதிர்வேல் போட்டுக் காட்டியபோது வீரபத்திரன் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இது எங்கப்பா பாடனதுதான், இங்கிலீஷ்ல பாடறாங்க என்றான்.

ஸ்டுடியோவுக்கெல்லாம் எங்களுக்கு வக்கில்லை. பிள்ளையார்பாளையத்தில் கதிர்வேல் வீட்டுத் தறிக்கூடத்தில் மைக்கைக் கட்டினோம். மற்ற நாட்களில் தெரு முழுக்கத் தறிச் சத்தம். அமாவாசை அன்று மட்டும் தறி ஓடாது. அதனால் அமாவாசைக்கு அமாவாசை, மத்தியானத்தில், ஒரு பாட்டு. பக்கத்து வீடுகளில் காக்காய்க்குச் சோறு வைத்துக் கூப்பிடுகிற சத்தம் சில பாட்டுகளில் கேட்கும். அதை அப்படியே விட்டுவிட்டோம்.

ஒன்பதாவது பாட்டில்தான் சிக்கினோம். குத்துப்பட்டுச் செத்த ஒருவனுக்காக அழுகிற பாட்டு. அசலில் அவன் பெயர் வருகிற இடத்தில் அவரவருக்கு வேண்டிய பெயரைப் போட்டுப் பாடுவார்களாம். எந்தப் பெயர் வர வேண்டும் என்று எங்கள் நாலு பேருக்கும் தெரியும். வீரபத்திரன் அந்த இடம்வரை பாடுவான், நிறுத்துவான், எதையாவது உதைப்பான். மைக் ஸ்டாண்டு ஒன்று போனது. பிறகு திடீரென்று ஒரே மூச்சில் பாடினான். பெயர் வருகிற இடத்தில் முனிரத்தினம் என்றான்.

எனக்கு விரல் நின்றுவிட்டது. உயிரோடு இருப்பவன் பெயரைச் சாவுப்பாட்டில் வைப்பது அவர்கள் வழக்கத்தில் ஆளைக் கொல்வதற்குச் சமம். வைத்த பெயரைத் திரும்ப எடுக்கவும் முடியாது. நான் அழிக்கச் சொன்னேன். அவன் முடியாது என்றான். டேனியல் இருக்கிறாரே, என் வீட்டு மகராசன், நன்றாக வந்திருக்கிறது என்று அதை வாட்ஸப்பில் யாருக்கோ அனுப்பி வைத்தார். அப்புறம் அது போகாத போன் இல்லை.

அடுத்த அமாவாசைக்கு முனிரத்தினமே வந்தான்.

தனியாக வந்தான். இப்போது வெள்ளை வேட்டி, மனை வியாபாரம், சுற்றிலும் பத்துப் பேர் என்று திரிகிறவன். ஒரு பாட்டுக்குப் பயந்து வருகிறேன் என்று அந்தப் பத்துப் பேரிடம் எப்படிச் சொல்வான். கன்னம் ஒட்டியிருந்தது. பாட்டைக் கேட்டதிலிருந்து நெஞ்சு அடைக்கிறது, சோறு இறங்கவில்லை, வண்டியிலிருந்து இரண்டு தடவை விழுந்துவிட்டேன் என்றான். சொல்லும்போதே இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான்.

"என் பேரை எடுறா. எடுக்கலன்னா இங்கயே அறுத்துடுவேன்."

"வச்சது வச்சதுதான். நீ செத்தாச்சு. இன்னும் நடந்துக்கினு இருக்கற, அவ்ளோதான்" என்றான் வீரபத்திரன்.

முனிரத்தினம் பாய்ந்தான். முதல் வீச்சு தறியில் பூட்டியிருந்த பாவில் விழுந்து, கல்யாணப் புடவைக்கு இழுத்துக் கட்டிய பட்டு இழைகள் பாதி அறுந்து தொங்கின. எறும்பை மிதிக்க யோசிக்கிற கதிர்வேல் கத்திக்கொண்டு அவன் மேல் விழுந்தான். இரண்டாவது வீச்சு கதிர்வேலின் முழங்கையைக் கிழித்தது. மூன்றாவதை வீரபத்திரன் வெறும் கையால் பிடித்தான். கத்தியின் அலகைத்தான் பிடித்தான். ரத்தம் மணிக்கட்டில் ஒழுக, திருகிப் பிடுங்கி, முனிரத்தினத்தை, நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் தறிக்குழியில் தள்ளி, நெஞ்சில் முழங்காலை ஊன்றிக் கழுத்தில் கத்தியை வைத்தான். மைக் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது.

டேனியல் என் தோளைப் பிடித்து, அவனைத் தடு, உன் பேச்சுக்குத்தான் அடங்குவான் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. குத்தட்டும் என்றுதான் நினைத்தேன். ஞாயிறுதோறும் சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவள்தான் நான். ஆனாலும் நினைத்தேன்.

"யாரைக் கொன்ன? பேரு சொல்லுடா" என்றான் வீரபத்திரன்.

முனிரத்தினம் தலையை ஆட்டினான். கத்தி கொஞ்சம் இறங்கியது. கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. கோர்ட்டில் பார்த்ததே இல்லை என்றவன், குழிக்குள்ளிருந்து திணறிக்கொண்டு சொன்னான்.

"குமரன்."

முசரவாக்கத்துச் சாவு வீட்டில் செத்தவர் பெயரை யார் சொன்னாலும், நெருங்கிய சொந்தம் இரண்டு கையாலும் மாரில் அடித்துக்கொள்ள வேண்டும். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்துக் கையில் ஊறியது. வீரபத்திரனின் இரண்டு கையும் தானாக மேலே போயின. கத்தி குழியின் விளிம்பில் பட்டு விழுந்தது. பொளேரென்று மாரில் அடித்தான். மறுபடி அடித்தான். வெட்டுப்பட்ட கையின் ரத்தம் சட்டை முழுக்கத் தெறித்தது. இத்தனை வருஷம் அந்தப் பெயரைக் கேட்டு ஊரையெல்லாம் அடித்த கை இப்போது அவனை அடித்தது, நிறுத்த முடியாமல் அடித்தது. பிறகு அந்த ஷட்டர் குரல் கிளம்பியது. குமரா என்று எடுத்தான். பாட்டு முழுக்க அந்த ஒரே பெயர்தான். முனிரத்தினம் அவன் காலுக்கடியிலிருந்து ஊர்ந்து ஏறி, வேட்டி அவிழத் தெருவில் ஓடினான். யாரும் துரத்தவில்லை. டேனியல் போய் டிரம்மில் உட்கார்ந்தார். நானும் கீபோர்டைத் தொட்டேன். கதிர்வேல் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு அழுதான்.

ஆஸ்பத்திரியில் வீரபத்திரன் கைக்குத் தையல் போட்டார்கள். பழைய பதிவை அவனே அழிக்கச் சொன்னான். செத்தவன் பெயரை வைத்தாகிவிட்டது, இனி அந்த இடத்தில் இன்னொருத்தன் பெயர் வேண்டாம் என்றான். புதியதில் முதலில் பெயரைச் சொல்வது கொன்றவனின் குரல். அதை வெட்டிவிடலாமா என்று கதிர்வேல் கேட்டதற்கு, வேண்டாம் என்றுவிட்டான்.

குமரனின் பெண்சாதி எல்லம்மாளுக்கு முதலில் போட்டுக் காட்ட வேண்டும் என்றான். மறுநாள் ஷூ கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி யூனிஃபார்மோடு நேராக வந்தாள். நின்றபடியே கேட்டாள். குமரன் என்ற அந்த ஒரு சொல்லில் முகம் மாறியது. கோர்ட்டில் கேட்ட குரல், அடையாளம் தெரிந்துவிட்டது. முழுவதும் கேட்டு முடித்துவிட்டு, கைக் கட்டைப் பார்த்தபடி வீரபத்திரனிடம் திரும்பினாள்.

"கத்தி உன் கையிலதான இருந்துது?"

"ஆமா."

"அப்பறம் ஏன் உட்ட?"

அவன் கன்னத்தில் அறைந்தாள். திரும்பவும் அறைந்தாள். அவனை யாரும் அடித்து நான் பார்த்ததில்லை. கட்டுப் போட்ட கையைத் தொங்கவிட்டபடி, குனியாமல், கண்ணைத் துடைக்காமல் வாங்கிக்கொண்டான். அவள் கை ஓய்ந்ததும் தரையில் உட்கார்ந்தாள்.

"இன்னொரு வாட்டி போடுண்ணா" என்றாள் கதிர்வேலிடம். பாட்டு அந்தப் பெயருக்கு வந்தபோது, இரண்டு கையையும் தூக்கினாள்.